பேர் காட்டும் போன்

வில்லியனூர் கடைத்தெருவில் இருக்கும் அந்தப் போன் கடைக்காரரை நான் மூன்று நாள் படுத்தி எடுத்தேன். நான்காம் நாள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிர்க் கடையில் டீயும் சொல்லிவிட்டார். "வாங்கம்மா, இன்னைக்கு இன்னா சந்தேகம்?" என்றார். கிண்டல்தான். எனக்குக் கிண்டலெல்லாம் உறைக்காது. ஏமாந்து போய் நின்றாலும் சிரிக்கத்தான் போகிறார்கள், விசாரித்தாலும் சிரிக்கத்தான் போகிறார்கள். விசாரித்துவிட்டே சிரிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அதுவரை என்னிடம் இருந்தது பட்டன் போன். அதுவே போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் மகளுக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது. அரியூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். இப்போதெல்லாம் வரன் என்றால் போட்டோ, ஜாதகம், வீட்டு வாசலில் எடுத்த வீடியோ எல்லாமே போனில்தான் வருகிறது. "மகள் நம்பரைக் குடுங்களேன்" என்று புரோக்கர் அக்கா கேட்டது. கல்யாணம் பேசுகிற பெண்ணின் நம்பரைக் கண்டவர்களுக்கும் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் வீட்டுக்காரர் போனும் பட்டன் போன்தான், அதுவும் பாதி நேரம் மோட்டார் கொட்டகையில் கிடக்கும். அதனால் எனக்கு ஒரு டச் போன் தேவைப்பட்டது. புதுசுக்கு மனசு வரவில்லை.

முதல் நாள் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு நீலக் கலர் போனை எடுத்து முன்னால் வைத்தார்.

"இது செகண்ட்ஸ் இல்லம்மா. ரீபர்பிஷ்டு."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம் பாய்?"

"செகண்ட்ஸுன்னா ஒருத்தர் வச்சிருந்ததை அப்படியே விக்கறது. இது கம்பெனிக்குப் போயி, பழுது பாத்து, டெஸ்ட் பண்ணி, பெட்டியில போட்டு வர்றது."

"பழுது இருந்தாத்தான பாய் பழுது பாப்பாங்க?"

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் போனை முகர்ந்து பார்த்தேன். ஸ்பிரிட் வாசனை.

"இன்னாத்தைத் துடைச்சிருக்கீங்க?"

"அழுக்கைத்தாம்மா."

"அதான், யாரு அழுக்கை?"

அன்றைக்கு வாங்காமல் வந்துவிட்டேன். இரண்டாம் நாள், ஓரத்தில் திறந்த தடம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். திருட்டுப் போனாக இருந்தால் போலீஸ் என் வாசலுக்கு வருமே என்று கேட்டேன். அவர் ஒரு நோட்டை எடுத்து எங்கிருந்து வாங்கினார், எந்தப் பெட்டியில் வந்தது என்றெல்லாம் காட்டினார். மூன்றாம் நாள் என் சிம்மை அதில் போடச் சொல்லி, கடையை விட்டுத் தெருவில் இறங்கி, பஸ் சத்தத்துக்கு நடுவில் நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா கேக்குதா?"

"கேக்குது."

"கொரகொரன்னு சத்தம் எதுனா வருதா?"

"வருது. நீ பேசற சத்தம்" என்று வைத்துவிட்டார்.

நான்காம் நாள் வாங்கினேன். மூன்று மாத வாரண்டி என்று வாயால் சொன்னதை எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். கடை முத்திரையும் குத்தச் சொன்னேன். பிறகு, "அப்படியே இங்க பாருங்க பாய்" என்று அந்தப் போனிலேயே அவரை ஒரு போட்டோ எடுத்தேன். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் முகம் வேண்டாமா? அவரும் பாவம், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

ஆனால் இத்தனை கேள்வி கேட்ட நான் அந்தப் போனை வாங்கச் சம்மதித்தது எதனால் தெரியுமா? அவர் கடைசியாக ஒன்று காட்டினார். "தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா யாருன்னு பேர் காட்டும்மா. நீங்களே ஒரு நம்பரை இதுல போட்டாலும் காட்டும். போட்டுத் தர்றேன், காசு வேணாம்."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நம்பரை ஊர்ல நாலு பேரு அவங்கவங்க போன்ல இன்னா பேர் போட்டு வச்சிருக்காங்களோ, அதை எடுத்துக் காட்டும்."

என் கண்ணுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. விசாரிக்கிறதற்காக நான் பஸ் பிடித்து ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். டீக்கடையில் நிற்பேன், பம்ப்செட்டில் துணி துவைக்கிறவளிடம் பேச்சுக் கொடுப்பேன். அந்த வேலையை ஒரு பொத்தான் செய்கிறது என்றால் சும்மாவா?

நான் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். என் அக்காவை எங்கள் அப்பா ஒரு வார்த்தையை நம்பிக் கொடுத்தார். நல்ல இடம், நல்ல பையன் என்று யாரோ சொன்னார்கள், யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் அக்கா ஒரு பையோடு திரும்பி வந்தது. அந்தப் பையை வாசலில் வாங்கி உள்ளே வைத்தது நான். எனக்கு அப்போது பதினாறு வயது. என் வயிற்றில் பிறந்தது அப்படித் திரும்பி வரக்கூடாது என்று எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. பயம் என்று ஒத்துக்கொள்ளப் பிடிக்காமல் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மகளுக்கு முதலில் வந்த இடத்தில் சொந்த வீடு என்றார்கள். போய் விசாரித்தால் போக்கியத்துக்கு இருக்கிற வீடு. வேண்டாம் என்றேன். அது சரிதான், இப்போதும் சொல்வேன். இரண்டாவது பையனிடம் படித்த சர்டிபிகேட்டைக் கேட்டேன், அவர்களே போய்விட்டார்கள். மூன்றாவது பையன் வேலை பார்த்த கம்பெனிக்கே போன் போட்டு, "இந்தப் பேர்ல ஒருத்தர் நிஜமாவே அங்க இருக்காரா? சம்பளம் இன்னா?" என்று கேட்டுவிட்டேன். அவனுடைய மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாராம். அந்த வீட்டிலிருந்து பிறகு பேச்சே இல்லை. அது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கே தெரியும். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒரு ஜாதகம்கூட வரவில்லை. புரோக்கர்களுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. செவ்வாய் என்றேன், சனி என்றேன், கோயில் கோயிலாக விளக்குப் போட்டேன். புரோக்கர்கள் எல்லாம் பேராசை பிடித்தவர்கள் என்று திட்டினேன்.

இப்போது பாகூர் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பையன் ஒரு கம்பெனி குடோனில் ஸ்டோர் கீப்பர். அப்பா இல்லை, அம்மா மட்டும். வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை.

"எனக்கு இவரைப் புடிச்சிருக்கும்மா. இந்த ஒரு தடவ மட்டும் நீ எதையும் நோண்டாத."

"நான் இன்னாத்தடி நோண்டறேன்?"

"மா. ப்ளீஸ்."

சரி என்று சொன்னேன். சொன்னது நிஜம்.

போனை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வேலையாக முன்பக்கக் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். அது வழியாக யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று பஸ்ஸில் ஒரு பொம்பளை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் எனக்குத் தெரிந்த நம்பரையெல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பேர் காட்டும் சமாச்சாரத்தில் போட்டுப் பார்த்தேன். பால்கார அம்மாவின் நம்பரைப் போட்டால் "தண்ணி பால்" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் வருஷக்கணக்காக மனசுக்குள் சொன்னதை ஊரே எழுதி வைத்திருக்கிறது! புரோக்கர் அக்காவைப் போட்டேன். "கமிஷன்" என்று வந்தது. அதுவும் சரி. இந்தப் போன் பொய் சொல்லாது என்று எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

பையனின் நம்பர் ஜாதகத்தின் பின்பக்கம் எழுதியிருந்தது. ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் மகள் வேலைக்குப் போனதும் போட்டேன்.

"ஃபுல் குடி மேஸ்திரி."

இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். அக்காவின் பைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஸ்டோர் கீப்பருக்கு எதற்கு மேஸ்திரி என்று பேர் இருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் மேஸ்திரியை விட்டுவிட்டேன். குடியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது அதுதான் போலிருக்கிறது.

வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அவர்கள் வீடு பார்க்கப் போக வேண்டும். அங்கே, எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். தனியாகக் கேட்டால் மழுப்புவார்கள்.

ஒன்பது பேர், ஒற்றைப்படையாக, பழமும் பூவும் எடுத்துக்கொண்டு வேனில் போனோம். மகள் வரவில்லை, பெண் அப்படி வருவது வழக்கமில்லை. பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டு வீடு. சுத்தமாக இருந்தது. பையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன், சிவந்திருக்கிறதா என்று. சிவக்கவில்லை. கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. நாங்கள் வருகிறோம் என்று காலையிலிருந்தே ஜாக்கிரதையாக இருக்கிறான் என்று நினைத்தேன். அப்படியும் நினைக்க முடிந்தது என்னால்.

பேச்செல்லாம் முடிந்து இலை போட்டார்கள். எங்கள் பக்கம் இது ஒரு முறை. வீடு பார்க்கப் போன இடத்தில் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்கு மேல் பேச்சில்லை. பிடிக்காவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

"எழுந்திருங்க எல்லாரும், இலை போட்டாச்சி" என்றார் பையனின் தாய்மாமன். சத்தமாகப் பேசி, சத்தமாகச் சிரிக்கிற மனுஷன்.

"ஒரு நிமிஷங்க. ஒண்ணு கேட்டுடறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர், "ஏய், இன்னா இப்ப?" என்று பல்லைக் கடித்தார். நான் பையிலிருந்து போனை எடுத்தேன். நம்பரைப் போட்டேன். எழுந்து போய்ப் பையனின் அம்மாவிடம் நீட்டினேன்.

"உங்க புள்ள நம்பர்தான இது? இன்னா பேர் காட்டுதுன்னு பாருங்க."

அந்த அம்மாவுக்குப் படிக்க வரவில்லை. மகனிடம் கொடுத்தார்கள். அவன் படித்தான். வாய்விட்டே படித்தான். எங்கள் பக்கத்து ஆட்களே என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

"இந்த நம்பர் நான் வாங்கி ஒன்றரை வருஷம்தாங்க ஆவுது" என்றான் பையன். "முன்ன இருந்தது அப்பா பேர்ல இருந்திச்சி. அவரு போன பிறகு என் பேர்ல புதுசா வாங்கினேன். யாரோ வச்சிருந்து வுட்ட நம்பரு போல. வாங்கின புதுசுல தினம் நாலு பேரு போன் பண்ணி, 'மேஸ்திரி, சென்ட்ரிங் எப்ப பிரிக்கறீங்க'ன்னு கேப்பாங்க."

கோபப்படாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒருத்தர் விட்ட நம்பரை இன்னொருத்தருக்குக் கொடுப்பார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தாய்மாமன்தான் சிரித்து நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அதான பாத்தேன்! அந்தச் சனியன் என் போன்லயும் இருக்குது. எங்க, உங்க நம்பரைச் சொல்லும்மா, இன்னா சொல்லுதுன்னு பாப்போம்."

சொன்னேன். எனக்கு என்ன பயம்? அவர் தட்டினார். பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வாங்க சாப்புடலாம்" என்றார்.

"இன்னா காட்டுது? சொல்லுங்க."

"வேணாம் வுடும்மா."

விடுகிற ஆளா நான்? என் போனிலேயே என் நம்பரைப் போட்டேன். வட்டம் சுற்றிச் சுற்றி, பேர் வந்து நின்றது. என் நாத்தனார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அவளுக்கே உரிய குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்துவிட்டாள்.

"பொண்ணு குடுக்காத அம்மா."

அப்போது அந்தப் பையன், "பழைய ஆளோட பேரா இருக்குங்க. நம்பர் மாறி வந்திருக்கும்" என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே எனக்காகத்தான் சொன்னான். ஆனால் எங்களோடு வந்த எட்டுப் பேருக்கும் தெரியும், அந்த நம்பர் பன்னிரண்டு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது என்று. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவளே நான்தான்.

செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. நான் போன் போட்டபோதெல்லாம் ஒவ்வொரு புரோக்கர் போனிலும் இந்தப் பேர்தான் மின்னியிருக்கிறது. யார் எடுப்பார்கள்? விளக்குப் போட்ட கோயில் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்து வெட்கமாக இருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பையனின் அம்மா என்னைப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்கள். "எங்களுக்கு உங்க பொண்ணை ரொம்பப் புடிச்சிருக்குது. நீங்க குடுப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லிடுங்கம்மா."

குடுக்கறேன் என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த நிலையிலும் உள்ளுக்குள் ஒன்று, இன்னும் எதையாவது கேள், கேள் என்று அரித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கல்யாணமான முப்பது வருஷத்தில் என் முகத்தைப் பார்க்காமல் அவர் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கியதில்லை. அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. பின்பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் இலையில் உட்கார்ந்தார். "சாம்பார் ஊத்துங்க" என்றார். பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். அதோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். கடைசியில் நானும் உட்கார்ந்தேன். என்ன காய் போட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் முதலில் இறங்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், பின்னால் இறங்கிய அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்ட்டோம்மா. வயிறு நிறைய" என்றார் அவர். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனை நாளாகியிருக்கும்! சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கும். என்னிடம் கேட்கவில்லையே என்பதும் இருந்தது.

புடவை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் போனை அவள் பக்கம் தள்ளினேன். அந்தப் பேர் இன்னும் அதில் இருந்தது. அவள் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"லேப்ல எல்லார் போன்லயும் இது காட்டும். நான் போன் எடுக்கலன்னா நீ லஞ்ச் டைம்ல யார் போனுக்காவது அடிச்சி நான் சாப்ட்டேனான்னு கேப்பியே, அப்பல்லாம் வரும். ரெண்டு வருஷமாத் தெரியும்."

இரண்டு வருஷம். தினமும் என் கையால் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய், அங்கே நாலு பேர் முன்னால் இந்தப் பேரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் டப்பாவைக் கொண்டுவந்து கழுவி வைத்திருக்கிறாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, சலித்துக்கொண்டும் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா, இந்தப் பேரை யாரு போட்டாங்கன்னு விசாரிக்கக் கிளம்பியிருப்பம்மா நீ."

பாகூரிலிருந்து வரும் வழியெல்லாம் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.